எத்தனை எச்.பி. என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். திருநெல்வேலி, தூத்துக்குடி வட்டாரத் தொழிற்சாலைகளில் 34 ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்புப் பணியில் இருந்து ஓய்வுபெற்றவன் நான். சென்ற மாதம் பேட்டைப் பக்கம் என் தங்கை மகன் நடத்தும் சிறு பட்டறைக்குப் போயிருந்தேன். இரும்புச் சாமான்களின் துருவைப் போக்க அவன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வைத்திருக்கிறான். அதைப் பீப்பாயிலிருந்து தொட்டிக்கு ஏற்றும் பம்பு வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் அதன் உடலில் குண்டூசியால் குத்தியதுபோல் பொத்தல்கள் விழுந்திருந்தன. ஷாஃப்ட் (மோட்டார் சுழற்றும் தண்டு) நுழையும் இடத்தில் சொட்டிய அமிலத்தைப் பிடிக்க ஒரு பெயின்ட் டப்பாவை வைத்திருந்தார்கள். அங்கே வேலை பார்க்கும் பையனின் முழங்கையில் புதுத் தழும்பு ஒன்றும் தெரிந்தது. கேட்டதற்கு, "எவர்சில்வர் பம்பு மாமா, எதுக்கும் அசையாதுன்னுல்லா கடையில சொன்னாவ" என்றான்.

கடையில் நீ என்ன கேட்டாய் என்றேன். ஒரு எச்.பி., ஒன்றரை இஞ்ச் வாய் என்று கேட்டானாம். என்ன திரவத்துக்கு என்று கடைக்காரரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. இந்தக் கடிதம் எழுத அதுவே காரணம்.

நம் ஊரில் பம்பு என்றாலே கிணற்றுப் பம்புதான் நினைவுக்கு வரும். கிணற்றின் ஆழம், குழாயின் அளவு, மோட்டாரின் திறன் ஆகிய மூன்றையும் சொன்னால் கடைக்காரர் பம்பை எடுத்துக் கொடுத்துவிடுவார். தண்ணீருக்கு அது போதும். அமிலத்துக்கும் காரத்துக்கும் தின்னருக்கும் அதே வழக்கத்தைக் கொண்டுபோகும்போதுதான் ஆபத்து தொடங்குகிறது. எவர்சில்வரைத் துருவிலிருந்து காப்பது அதன் மேல் தானாகப் படியும் குரோமியம் ஆக்சைடு என்னும் மிக மெல்லிய படலம். வீட்டில் புளிக்குழம்பைத் தாங்குகிற அந்தப் படலத்தை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் உள்ள குளோரைடு துளைத்துவிடும். எவர்சில்வரில் 304 என்ற ரகம் போனால் 316 என்று விலை கூடிய ரகத்துக்கு மாறினாலும் இந்த அமிலத்தின் முன் அது நிற்காது. இதற்குப் பாலிபுரொப்பிலீன், பி.வி.டி.எஃப். போன்ற பிளாஸ்டிக் உடல் கொண்ட பம்புதான் ஏற்றது. இவற்றில் பாலிபுரொப்பிலீன் பெரும்பாலும் எவர்சில்வரைவிட மலிவாகவும் இருக்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லா அமிலத்துக்கும் பிளாஸ்டிக்கே நல்லது என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. 98 சதவீதக் கந்தக அமிலம் பாலிபுரொப்பிலீனை அரித்துவிடும். அதே அமிலம் சாதாரண இரும்புத் தொட்டியில் ஆண்டுக்கணக்கில் அமைதியாகக் கிடக்கும். ஏனென்றால் இரும்பின் மேல் படியும் இரும்பு சல்பேட் அடுக்கே இரும்புக்குக் கவசமாகிவிடுகிறது. ஆனால் பம்புக்குள் திரவம் வேகமாகச் சுழலும்போது அந்தக் கவசம் கழுவப்பட்டுவிடும். தண்ணீர் கலந்து அமிலம் நீர்த்துப்போனாலோ இரும்பை அரித்து ஹைட்ரஜன் வாயுவைக் கிளப்பும். ஆகவே தொட்டி இரும்பு என்பதால் பம்பும் இரும்பாக இருக்கலாம் என்று கணக்குப் போடுவது தவறு. இன்னொன்றும் உண்டு: அந்த அமிலம் தண்ணீரைப்போல் 1.84 மடங்கு கனமானது. தண்ணீருக்கு மூன்று எச்.பி. போதும் என்றால், அதே உயரத்துக்கு அதே அளவை ஏற்ற இதற்கு ஏறத்தாழ ஐந்தரை எச்.பி. வேண்டும். கடையில் கொடுக்கும் அட்டவணை தண்ணீருக்குப் போட்டது என்பதை மறந்து வாங்கிய மோட்டார்கள் புகைந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

காஸ்டிக் சோடா கரைசலுக்கு அலுமினிய உடல் கொண்ட பம்பை வைப்பது இதைவிட மோசம். அலுமினியத்தைக் கரைத்து ஹைட்ரஜனை வெளியேற்றும். உடலைச் சரியாகத் தேர்ந்தெடுத்தவர்கள்கூட உள்ளே இருக்கும் ரப்பர் வளையத்தில் கோட்டை விடுவதுண்டு. நானும் விட்டிருக்கிறேன். 'விட்டான்' (Viton) என்னும் விலை கூடிய ரப்பர் எல்லாவற்றையும் தாங்கும் என்ற நம்பிக்கையில், அசிட்டோன் என்னும் கரைப்பான் ஓடும் லைனுக்கு அதைப் போட்டேன். இரண்டே நாளில் வளையம் ஊறி, வடையைப்போல் உப்பி, லைன் ஒழுகத் தொடங்கியது. அசிட்டோனுக்கும் காஸ்டிக்குக்கும் ஏற்றது ஈ.பி.டி.எம். என்னும் வேறொரு ரப்பர்; பெட்ரோலுக்கும், தின்னரில் சேரும் டொலுவினுக்கும் நேர்மாறாக 'விட்டான்'. விலை கூடிய ரப்பரே நல்ல ரப்பர் என்ற எண்ணம் இங்கே எடுபடாது.

ஒழுகும் இடம் பெரும்பாலும் ஷாஃப்ட் பம்புக்குள் நுழையும் வாய்தான். அந்த வாயை அடைக்க ஷாஃப்டைச் சுற்றித் திணிக்கும் பழைய கிளாண்ட் கயிறு சூடேறாமல் இருக்கச் சற்றே சொட்டியபடி இருக்க வேண்டும். கிணற்றுத் தண்ணீருக்கு அது இயல்பு, அமிலத்துக்குச் சொட்டுவிடும் ஏற்பாட்டை ஏற்கவே முடியாது. கயிற்றுக்குப் பதில், ஒன்றோடொன்று ஒட்டிச் சுழலும் வழவழப்பான வளையங்களால் அடைக்கும் மெக்கானிக்கல் சீல் நல்லது. ஆனால் ஒற்றைச் சீல் உடைந்தால் திரவம் நேராக வெளியே பீய்ச்சும். எனவே நச்சும் நெருப்பும் உள்ள திரவங்களுக்கு இரட்டைச் சீல் அல்லது ஷாஃப்ட் வெளியே வராத காந்தப் பம்பு கேட்கலாம். காந்தப் பம்பைப் புகழும் விற்பனையாளர்கள் அதன் குறையைச் சொல்வது குறைவு: உள்ளிருக்கும் பேரிங்குக்கு ஓடும் திரவமே எண்ணெய், திரவமே குளிர்ச்சி. தொட்டி காலியான பிறகும் ஓடினால் பேரிங் சூடேறி உடைந்துபோகும். வறட்டு ஓட்டத்தில் தானாக நிறுத்தும் கருவி இல்லாமல் அதை வாங்கக் கூடாது. திரவத்தில் இரும்புத் தூள் இருந்தாலும் அந்தப் பம்பு ஆகாது.

காற்றழுத்தத்தால் ஒரு சவ்வை (டயாபிரம்) அசைத்துத் திரவத்தைத் தள்ளும் டயாபிரம் பம்புக்கு வறட்டு ஓட்டம் பெரிய தொல்லை இல்லை, திரவம் வெளியேறும் வால்வை மூடினாலும் தானே நின்றுவிடும். ஆயினும் டயாபிரம் கிழிந்தால் காற்று வெளியேறும் வாய் வழியாக அமிலம் தெறிக்கும். அந்த வாயில் குழாய் மாட்டி, ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு பாத்திரத்துக்குள் விட வேண்டும். இதை நான் பார்த்த பட்டறைகளில் செய்தவர்கள் மிகக் குறைவு.

குடிநீர்த் தொட்டிகளில் கலக்கப் பயன்படும் சோடியம் ஹைப்போகுளோரைட் இன்னொரு ரகம். நம் சித்திரை வெயிலில் அது வேகமாகச் சிதைந்து வாயுக் குமிழிகளை விடும். மருந்தை அளவாகச் செலுத்தும் சாதாரண டோசிங் பம்பின் தலையில் அந்த வாயு தங்கிக்கொண்டால் பம்பு ஓடும், மருந்து போகாது. குழாயை நசுக்கி நசுக்கித் தள்ளும் பெரிஸ்டால்டிக் பம்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஹைப்போகுளோரைட்டுக்கு ஓடிய பம்பைக் கழுவாமல் அமிலத்துக்குத் திருப்பினால் உள்ளேயே குளோரின் வாயு கிளம்பும் என்பதையும் அங்கே வேலை செய்வோர் அறிந்திருக்க வேண்டும்.

எரியக்கூடிய திரவங்களைப் பற்றி ஒரு வார்த்தை. டொலுவினின் தீப்பற்று வெப்பநிலை (பொறி பட்டால் பற்றக்கூடிய அளவு ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலை) 4 டிகிரி, மெத்தனாலுக்கு 11 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் மார்கழி விடியலிலும் அவற்றிலிருந்து பற்றிக்கொள்ளும் ஆவி எழும்பிக்கொண்டே இருக்கும். மோட்டார் மட்டும் ஃபிளேம்புரூஃப் (உள்ளே எழும் தீ வெளியே பரவாதது) வாங்கிவிட்டு, சுவிட்சைப் பக்கத்துச் சுவரில் சாதாரணமானதாக மாட்டுவதில் பயனில்லை. வெறும் பிளாஸ்டிக் பம்பில் ஓடும் திரவம் நிலைமின்சாரத்தைச் சேர்த்துக்கொள்ளும் என்பதால், மின்கடத்தும் உடல் கொண்ட பம்பும், பம்பு, பீப்பாய், வாங்கும் பாத்திரம் மூன்றையும் சேர்த்துக் கட்டிய எர்த் கம்பியும் தேவை. பீப்பாய்க்குள் காற்றழுத்தம் கொடுத்துத் திரவத்தைத் தள்ளுவது, குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது ஆகிய இரண்டும் எந்தத் திரவத்துக்கும் ஆகாது. இன்றும் நடக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

இத்தனையும் பட்டறைக்காரர் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. ரசாயனம் விற்பவர் கொடுக்க வேண்டிய பாதுகாப்புத் தகவல் தாளில் 16 பிரிவுகள் உண்டு. ஒன்பதாம் பிரிவில் அடர்த்தியும் தீப்பற்று வெப்பநிலையும், பத்தாம் பிரிவில் எதனோடு சேரக் கூடாது என்பதும் இருக்கும். அந்தத் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பம்புக் கடைக்குப் போனாலே பாதி வேலை முடிந்தது. போபால் துயரத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தினார்கள். 1989-இல் அபாயகர ரசாயனங்களுக்குத் தனி விதிகளும் வந்தன. ஆனால் ஐந்தாறு பேர் வேலை செய்யும் பட்டறைகள் பெரும்பாலும் அந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெளியேதான் கிடந்தன.

அதனால் நம் மாவட்டத்துப் பம்பு விற்பனையாளர்களிடம் என் வேண்டுகோள் இதுதான்: திரவத்தின் பெயர், செறிவு, வெப்பநிலை ஆகிய மூன்றையும் கேட்டு, அவற்றைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுங்கள். எழுதிக் கொடுக்கத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள் என்று பட்டறைக்காரர்களையும் கேட்டுக்கொள்கிறேன். தங்கை மகன் இப்போது பீப்பாயின் வாய்வழியே இறக்கும் பாலிபுரொப்பிலீன் பேரல் பம்பு ஒன்றை வாங்கியிருக்கிறான். பில்லில் "ஹைட்ரோகுளோரிக் அமிலம், 30 சதவீதம்" என்று எழுதி வாங்க அவனுக்கு மூன்று கடை ஏற வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பராமரிப்பு மேற்பார்வையாளர் ஒருவர்,
பாளையங்கோட்டை.