பலா மஞ்சளைப் பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

ஆண்டுதோறும் பொங்கலுக்கு முன் நான் அனுப்பும் மடல் உங்களுக்குப் பழக்கம்தான். எந்தச் சாமான் தயார், எது தை கடந்து போகும் என்று நான்கு வரி எழுதி முடித்துவிடுவேன். இந்த முறை நான்கு வரியில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரங்களாக ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்களில் பலருக்கும் வந்திருக்கும். பதினோரு பேர் அதை எனக்கே அனுப்பி, "இது உங்கள் பட்டறையைப் பற்றியா?" என்று கேட்டிருந்தீர்கள். ஆமாம், பலா மரத்தில் மணையும் அஞ்சறைப் பெட்டியும் செய்யும் நம் பண்ருட்டிப் பட்டறையைப் பற்றித்தான். இங்கே வாங்கிய மணையில் உட்கார்ந்து எழுந்த மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டி மஞ்சளாகிவிட்டது என்று அதில் ஒரு பெரியவர் சொல்கிறார். கூடவே, மாமரத்துக்குச் சாயம் பூசிப் பண்ருட்டிப் பலா என்று ஏமாற்றி விற்கிறோம் என்றும் சொல்கிறார். வேட்டி மஞ்சளானது உண்மை. மாமரம், சாயம் என்பதில் ஒரு சொல்லும் உண்மையில்லை.

வேட்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். முகூர்த்த மேடையில், நூறு பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் அந்தத் தாய்க்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். நானும் மகளைக் கட்டிக் கொடுத்தவள்தான். செய்தி கேட்ட மறுநாளே அந்த வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். வேட்டிக்கும் ஆறு மணைகளுக்கும் உரிய பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தேன். அந்தக் குடும்பத்தின் மீது எனக்குத் துளியும் வருத்தமில்லை. இந்த மடலைப் படித்துவிட்டு யாரும் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஆனால் மாமரம் என்ற அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை.

பலா மரத்தை அறுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வெளிச்சுற்றில் இருக்கும் வெள்ளை மரம் வெளிறியிருக்கும். உள்ளே இருக்கும் கெட்டியான நடுமரம், அதாவது வைரம் மட்டும் அரைத்த மஞ்சள் போல இருக்கும். எங்கள் பட்டறையில் இழைப்புளி ஓடும் நாட்களில் தரையெல்லாம் மஞ்சள் சுருள்களாகக் கிடக்கும். மழைக்காலத்தில் அதைக் கூட்டி அள்ளும் அம்மாவின் உள்ளங்கால்கள் மஞ்சள் பூசிக் குளித்தவை போல ஆகிவிடும். அந்த நிறப்பொருளுக்கு மோரின் என்று பெயர். மரத்திலேயே ஊறியிருப்பது அது. தாய்லாந்தின் காட்டு மடங்களில் இருக்கும் பௌத்தத் துறவிகள் பலா வைரத்தைச் சீவி, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்து, அந்தச் சாற்றில்தான் தங்கள் ஆடையைத் தோய்த்து நிறமேற்றுகிறார்கள். படிகாரம் சேர்த்தால் நிறம் துணியை இறுகப் பிடித்துக்கொள்ளும். ஒரு மரத்திலிருந்து சாயம் எடுத்து உடுத்துகிற மனிதர்கள் இருக்கிறார்கள். அந்த மரத்துக்கே நாங்கள் சாயம் பூசினோம் என்றால் நான் என்ன சொல்ல?

என் சொல்லை நம்ப வேண்டாம். உங்கள் வீட்டு மணையைக் கவிழ்த்துப் போடுங்கள். அடிப்பக்கத்தில் ஓர் ஓரமாகக் கத்தி முனையால் நகக்கண் அளவுக்குச் சுரண்டுங்கள். மேலே பூசிய நிறமென்றால் சுரண்டிய இடம் வெளுத்துத் தெரியும். பலாவில் நேர்மாறு, சுரண்டிய இடம் மேற்பரப்பைவிடப் பளீரென்று மஞ்சளாக இருக்கும். வெளிச்சம் பட்டு மேல்தோல்தான் மாதக்கணக்கில் தேன் நிறமாகி, பிறகு செம்பழுப்பாகிறது. என் மாமியாரின் மணை பழம்புளி நிறத்தில் இருக்கிறது. சென்ற வாரம் அதையும் சுரண்டிப் பார்த்தேன், உள்ளே இன்னும் மஞ்சள்தான். மாமரமே எங்களிடம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். பார்சல் அனுப்பும் கட்டைப் பெட்டிகள் மாமரத்தில் செய்தவை. அவற்றுக்கு நாங்கள் காசு வாங்குவதும் இல்லை.

பிறகு வேட்டி எப்படி மஞ்சளானது? முகூர்த்த மணையில் மாக்கோலம் போட்டிருக்கிறார்கள். போட வேண்டியதுதான், கோலம் இல்லாத மணையில் யார் உட்காருவார்கள்? அரைத்த அரிசி மாவின் ஈரம் காய்வதற்குள் மாப்பிள்ளையை உட்காரவைத்துவிட்டார்கள். ஈரத்தோடு மஞ்சள் இறங்கிப் பட்டில் ஏறிவிட்டது. முகூர்த்தம் நெருங்கியதால் அந்த ஆறு மணைகளுக்கும் மூன்று பூச்சு எண்ணெய்க்குப் பதிலாக ஒரு பூச்சுதான் ஏறியிருந்தது. புதுப் பலா மணையை முதல் ஓராண்டு உலர்ந்த துணியால் துடையுங்கள், கோலம் நன்றாகக் காய்ந்த பிறகு மேலே ஒரு துண்டு விரித்து உட்காருங்கள் என்று ஒவ்வொரு மணையின் அடியிலும் இனி எழுதி ஒட்டியே அனுப்புவோம்.

இந்தப் பலா எங்களிடம் வந்த கதை பழைய வாடிக்கையாளர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக எழுதுகிறேன். 2011 டிசம்பர் 30ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையேறியது. பணிக்கன்குப்பம், காடாம்புலியூர்ப் பக்கம் பலாத் தோப்புகளும் முந்திரிக் காடுகளும் ஒரே காலையில் சாய்ந்தன. தாத்தா நட்டு, பேரன் காலத்திலும் காய்த்துக்கொண்டிருந்த மரங்கள் அவை. வேரோடு கிடந்த மரத்தின் மேல் கை வைத்தபடி ஆண்கள் அழுததை நான் பார்த்திருக்கிறேன். விறகு விலைக்குக் கேட்டு லாரிகள் வரத் தொடங்கியபோது, என் மாமனார் வீட்டு நகையை அடகு வைத்து, அடி மரங்களாகப் பார்த்து வாங்கிப் போட்டார். வெடிக்காமலிருக்க முனைகளில் சாணம் மெழுகி, தாரால் தேதி எழுதி, நிழலில் அடுக்கினார். பலகைக் கனம் ஓர் அங்குலத்துக்கு ஓராண்டு காய வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. அவர் அதற்கு மேலேயே காயவிட்டார். இத்தனை ஆண்டுகளும் நீங்கள் வாங்கிய மணைகளும் அஞ்சறைப் பெட்டிகளும் பெரும்பாலும் அந்த மரங்களில் செய்தவைதான். மாமனார் இன்று இல்லை. அவர் அடகு வைத்து வாங்கிய மரத்தைத்தான் மாமரம் என்கிறார்கள்.

அந்த இருப்பின் கடைசித் துண்டு சென்ற ஆடி மாதம் அறுபட்டது.

இனி வரும் மரம் வேறு வழியில் வர வேண்டும். காய்க்கிற பலாவை இந்த ஊரில் யாரும் மனதார வெட்டுவதில்லை. பட்டுப்போனதோ, மழைக் காற்றில் சாய்ந்ததோதான் விலைக்கு வரும். அப்படி ஒரு மரம் இறங்கினால் முதலில் வருகிறவர்கள் வாத்தியம் செய்கிறவர்கள். தஞ்சாவூர் வீணையும் மிருதங்கமும் தவிலும் பலா மரம்தான். நல்ல வைரமுள்ள அடிமரம் அவர்களுக்குப் போவது நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். மிஞ்சுகிற கிளைமரத்தையும் கவைத்துண்டுகளையும் நாங்கள் வாங்குகிறோம். அதுவே இப்போது முன்பு அடிமரம் விற்ற விலை. அதனால் தை முதல் தேதியிலிருந்து எல்லாச் சாமான்களின் விலையும் 20 விழுக்காடு கூடுகிறது. ஆர்டர் கொடுத்தால் நான்கு மாதம் ஆகும்.

இன்னொரு செய்தி. மரத்தைச் சுழலவிட்டுக் கடையும் நம் கடைசல்காரர் திருப்பூரில் இருக்கும் மகனோடு போய்விட்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் நம்மோடு இருந்தவர், கண்ணில் புரை விழுந்த பிறகும் கைத்தடவலிலேயே மரவை, அதாவது மரக்கிண்ணம், கடைந்தவர். போகும் நாளில் உளிகளைத் தீட்டி, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்துவிட்டுப் போனார். அவர் இடத்துக்கு ஆள் கிடைக்கும்வரை உப்பு மரவையும் தயிர் மத்தும் கடைய முடியாது. ஒரு மோட்டார் கடைசல் பட்டறையில் செய்து வாங்கி விற்கலாமே என்று சிலர் யோசனை சொன்னார்கள். செய்து பார்த்தேன். வடிவம் சரியாக வந்தது. ஆனால் மரவையின் உள்வளைவில் கைவிட்டு உப்பை அள்ளினால் விரல் அடி வரைக்கும் போகவில்லை. நம் ஆள் கடைந்த மரவையில் நான்கு விரலும் அடியைத் தொட்டு வழித்தெடுக்கும். அந்த வளைவு வராத மரவையை உங்களுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

அடுப்படிச் சாமானில் நான் பார்ப்பது இதைத்தான். பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று பழைய சமையலறைப் பொருட்களை வாங்கி வரவேற்பறையில் வைக்கிறவர்கள் உண்டு. வைக்கட்டும், அதிலும் ஓர் அன்பு இருக்கிறது. ஆனால் அந்த அழகு கையிலிருந்து வந்தது. என் மாமியாரின் அடுப்படி பின்கட்டில், கிணற்றைப் பார்த்தபடி இருந்தது. எல்லா வேலையும் தரையில் உட்கார்ந்துதான். அதனால்தான் மணை மூன்று விரற்கடை உயரம். அதற்கு மேல் போனால் அரிவாள்மணையில் காய் நறுக்கும்போது இடுப்பு வளையும். உட்கார்ந்த இடத்திலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரத்தில் அஞ்சறைப் பெட்டி இருக்கும். அதற்குப் பக்கத்தில் உப்பு மரவை. உலோகத்தை உப்பு அரித்துவிடும், மரத்தை ஒன்றும் செய்யாது. ஐப்பசி மழையில் உப்பு விடும் நீரையும் மரம் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். தலைக்கு மேலே உறி. சுவரெல்லாம் புகை ஏறிக் கறுத்திருந்தாலும், கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டின் வழியாகப் பத்து மணி வெயில் சரியாக அம்மியின் மேல் விழும். அந்த வெளிச்சத்தில் அரைத்தால்தான் மசாலா எவ்வளவு மசிந்திருக்கிறது என்பது தெரியும் என்பார்.

நம் அஞ்சறைப் பெட்டியில் ஆணி கிடையாது என்பதைக் கவனித்திருப்பீர்கள். பலகையின் நாக்கை எதிர்ப்பலகையின் துளையில் செருகி, மரமுளை அடித்து இறுக்குகிறோம். மழைக்காலத்தில் மரம் பருக்கும், கோடையில் சுருங்கும். ஆணி அடித்த பெட்டி அந்த இழுப்பில் விரிந்துவிடும். மரமுளை மரத்தோடு சேர்ந்தே பருத்துச் சுருங்கும். கடுகும் சீரகமும் ஓர் அறையிலிருந்து மறு அறைக்குச் சிந்தாமல் இருப்பது அதனால்தான். எண்ணெயும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் தேன்மெழுகு உருக்கிப் பூசுகிறோம். பண்ருட்டியில் இருந்துகொண்டு முந்திரி ஓட்டு எண்ணெய் ஏன் பூசுவதில்லை, கறையான் அண்டாதே என்று கேட்பார்கள். படகுக்கு அது நல்லது. தோலில் பட்டால் கொப்புளம் போடும் எண்ணெயை, குழந்தை கைவிட்டு வெல்லம் எடுக்கும் பெட்டியில் நான் பூசமாட்டேன்.

அடுக்குமாடி வீடுகளுக்குப் போனவர்கள் நின்றுகொண்டு சமைக்கிறீர்கள். மேடைமேல் வைக்கிற மாதிரி உயரக் கால் வைத்த அரிவாள்மணை, சுவரில் மாட்டும் அஞ்சறைப் பெட்டி என்று கேட்டு வாங்கியவர்கள் நீங்கள்தான். முதலில் எங்கள் ஆசாரி முகம் சுளித்தார். பிறகு, உங்களில் ஒருவர் அனுப்பிய படத்தில் சென்னையின் ஏழாவது மாடியில் ஜன்னலோரம் நம் பெட்டி மாட்டியிருந்ததையும், ஒரு பாட்டி அதிலிருந்து மிளகு எடுப்பதையும் பார்த்துவிட்டு, அந்தப் படத்தைப் பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்.

குரல் பதிவு பரவிய முதல் வாரத்தில் நான்கு ஆர்டர்கள் திரும்பிப் போயின. அதே வாரத்தில், நான் கேட்காமலே, சேலத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் நீங்கள் எழுதினீர்கள். தன் மணையைச் சுரண்டிப் படமெடுத்து உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினார் ஒரு அக்கா. அவரைப் பார்த்துத்தான் அந்தச் சோதனையை இங்கே எழுதும் எண்ணமே எனக்கு வந்தது. திருச்சியிலிருந்து ஓர் ஐயா, விலை கூடினால் கூடட்டும், மரத்தின் தரம் குறைய வேண்டாம் என்று இரண்டு வரி எழுதியிருந்தார். அதைப் பட்டறையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இழைப்புளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். உங்கள் ஒவ்வொருவருக்கும் எங்கள் எல்லோருடைய நன்றி.

சென்ற ஆவணிக்குப் பிறகு மணை வாங்கியவர்கள் அதைத் திருப்பி அனுப்பினால், மீதி எண்ணெய்ப் பூச்சையும் பூசி, காயவைத்து அனுப்பிவைப்போம். போக வர பார்சல் செலவு எங்களுடையது. பங்குனிக்குள் கல்யாணம் இருப்பவர்கள் முகூர்த்தத் தேதியைச் சேர்த்து எழுதுங்கள், அவற்றை முதலில் எடுத்துக்கொள்கிறோம்.

மரவை கேட்டுக் காத்திருக்கும் முப்பத்தேழு பேரின் பெயரும் நோட்டில் வரிசையாக இருக்கிறது. முன்பணம் வேண்டாம். முந்தாநாள் திருவதிகையிலிருந்து ஓர் இளைஞர் கடைசல் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். அவர் கடைந்த முதல் மூன்று மரவைகளில் என் விரல் இன்னும் அடியைத் தொடவில்லை. தொடும் நாளில் உங்களுக்கு எழுதுகிறேன்.

அன்புடன்,
பலா மரப் பட்டறை,
பண்ருட்டி