உவமைக்கு அடியில் நீதி வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பின் ஆன்மிகப் பக்கத்தில் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையைப் படித்தேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் ஆலய ஊழியனான லேவியனும் கண்டும் விலகிப்போக, யூதர்கள் இழிவாக நினைத்த சமாரியன் ஒருவன் காப்பாற்றுகிற கதை. எழுத்தும் படமும் அருமை. ஆனால் முன்னுரையில், படிப்பறிவில்லாத பாமர மக்களுக்கு எளிதில் புரியவே இயேசு உவமைகளாகப் பேசினார் என்று போட்டிருந்தது. பல பிரசங்கங்களிலும் இதையே கேட்டிருக்கிறேன். ஞாயிறு பள்ளியில் பல வருஷம் இந்தக் கதைகளைச் சொல்லிக்கொடுத்த எனக்கு இதை ஏற்க முடியவில்லை.

எளிதில் புரியத்தான் சொன்னார் என்றால், விதைக்கிறவன் உவமையைக் கேட்ட சீஷர்களே அர்த்தம் கேட்டு அவரிடம் வந்தது ஏன்? 'ஏன் அவர்களோடு உவமைகளாகப் பேசுகிறீர்' என்றும் கேட்கிறார்கள் (பைபிளில் மத்தேயு 13). அதற்கு அவர், கண்டும் காணாதவர்கள், கேட்டும் கேளாதவர்கள் என்ற ஏசாயா தீர்க்கதரிசியின் கடுமையான வார்த்தைகளைத்தான் பதிலாகத் தருகிறார்.

அப்புறம், சமாரியன் கதையைக் கேட்டவர் பாமரர் இல்லையே! வேதத்தைக் கரைத்துக் குடித்த யூத நியாயசாஸ்திரி. 'எனக்குப் பிறன் யார்', அதாவது நான் நேசிக்கவேண்டிய அயலான் யார் என்று கேட்டார். இயேசு பதில் சொல்லவில்லை. கதையைச் சொல்லி முடித்து, அந்த மூன்று பேரில் யார் பிறனாயிருந்தான் என்று கேள்வியை அவரிடமே திருப்பிவிட்டார். 'அவனுக்கு இரக்கஞ்செய்தவனே' என்றார் சாஸ்திரி. சமாரியன் என்று சொல்ல அவருக்கு நா எழவில்லை என்றே படிக்கும்போதெல்லாம் நினைப்பேன். ஆனாலும் தீர்ப்பு அவர் வாயிலிருந்தே வந்துவிட்டது.

இயேசுவுக்கு ஏறக்குறைய 1,000 ஆண்டுகளுக்கு முன் நாத்தான் தீர்க்கதரிசி செய்ததும் இதுதான். தன் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, அவனையும் சாகக்கொடுத்த தாவீது ராஜாவின் முன்னால் போய், ஒரு வழக்கைப் போலக் கதை சொல்கிறார். ஏழை ஒருவனிடம் ஒரே ஒரு பெண் ஆட்டுக்குட்டி. அவன் சாப்பாட்டில் சாப்பிட்டு, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் தூங்கி, மகளைப் போல வளர்கிறது. மந்தை மந்தையாக ஆடு வைத்திருந்த பணக்காரன், வந்த விருந்தாளிக்காக அதைப் பிடித்து அடித்துவிடுகிறான். ராஜாவுக்குக் கோபம் பொங்குகிறது. அவன் சாகவேண்டியவன், ஒன்றுக்கு நாலாகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்கிறார். 'நீயே அந்த மனுஷன்' என்கிறார் நாத்தான். சொன்ன தீர்ப்பை இனி எப்படித் திரும்ப எடுத்துக்கொள்வது? நேராகக் குற்றம் சாட்டியிருந்தால் ராஜா ஆயிரம் சமாதானம் சொல்லியிருப்பார்.

இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தை வாங்கி அழித்துவிட்டுத் திரும்பிய இளைய மகனைத் தகப்பன் விருந்து வைத்து ஏற்றுக்கொள்ள, மூத்த மகன் கோபித்து வெளியே நிற்கிறான். அவன் கடைசியில் வீட்டுக்குள் போனானா என்று நற்செய்தி எழுதிய லூக்கா எழுதவே இல்லை. பாவிகளோடு இயேசு சாப்பிடுகிறாரே என்று முறுமுறுத்த பரிசேயர் என்னும் வைதீக யூதர்கள் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்ன கதை அது. பதில் அவர்களுடையது. என் வகுப்புச் சிறுமி ஒருத்தி, "டீச்சர், அண்ணன் உள்ளே போனானா?" என்று கேட்டாள். "நீ போவியா?" என்றேன். அவளுக்கு ஒரு தம்பி உண்டு. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்பா வந்து கூப்பிட்டா போவேன், தம்பி கூப்பிட்டா போக மாட்டேன்" என்றாள். நான் நீதியைச் சொல்லியிருந்தால் நோட்டில் எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள்.

அதனால்தான், சமாரியன் கதைக்கு அடியில் கட்டம் கட்டி 'நீதி: அனைவருக்கும் உதவுவோம்' என்று அச்சிட்டிருந்தது வருத்தமாக இருந்தது. 'நீயும் போய் அந்தப்படியே செய்' என்று இயேசு சொன்னது உண்மைதான். ஆனால் அது, சாஸ்திரி தன் வாயால் பதில் சொன்ன பிறகு.

அடுத்த வாரம் கெட்ட குமாரன் என்று அறிவித்திருக்கிறீர்கள். தயவுசெய்து அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள். மிச்சமாகும் இடத்தில், தகப்பன் வெளியே வந்து மூத்தவனை வருந்தி அழைக்கிற வசனங்களை முழுதாகப் போடுங்கள். இளையவன் வீடு திரும்பியதோடு கதையை நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஞாயிறு பள்ளி ஆசிரியை,
பாளையங்கோட்டை