மாரிக்கு முன் மரம் நடக் கிடங்கு வெட்ட உதவுங்கள்

அன்பின் பழைய மாணவர்களுக்கும் திருமலை உறவுகளுக்கும்,

வைகாசி பிறந்து கச்சான் வீசத் தொடங்கிவிட்டது. திருகோணமலைக் கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்தில் படித்தவர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஐப்பசி தொட்டுத் தை வரை கொட்டுகிற மழை மணலுக்குள் இறங்கிவிடும். பிறகு எட்டு மாதம் வானத்தைப் பார்த்திருக்க வேண்டியதுதான். இப்போது அந்த மழையும் பழைய ஒழுங்கில் இல்லை. வந்தால் ஒரேயடியாய் வெள்ளம். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் எங்களுக்கு வடக்கே திரியாய், குச்சவெளிப் பக்கமாய்க் கரையேறியது நினைவிருக்கும்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு விழாவுக்காக, அதுவும் மாசி மாதத்தில், அறுபது கன்று நட்டோம். படங்கள் வடிவாக வந்தன. ஆடிக்குள் ஐம்பத்திரண்டு பட்டுப்போயின. மிஞ்சிய எட்டும் நின்றது கன்டீனில் கை கழுவுகிற தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரம்.

இம்முறை கன்று நடுவது கடைசி வேலை. புரட்டாதிக்குள் ஆழக் கிடங்கு வெட்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுமட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கி, சாணிப் பசளையும் மண்ணும் போட்டு மூடுவோம். மாரித் தண்ணீரை மட்டை குடித்து வைத்திருக்கும். பக்கத்தில் ஒரு மண்முட்டியைக் கழுத்துவரை புதைப்போம். கோடையில் அதற்குள் ஊற்றுகிற தண்ணீர் மெல்லக் கசிந்து நேரே வேருக்குப் போகும், வெயில் குடிக்காது.

நடப்போவது பாலை, வீரை, முதிரை. கடல் பக்கம் பூவரசும் புங்கையும். சித்த மருத்துவ மாணவர்களுக்காக நெல்லியும் விளாவும். பாலையும் வீரையும் ஆறுதலாய்த்தான் வளரும். கெதியாய் நிழல் வேண்டும் என்பவர்கள் எங்களோடு சண்டைக்கு வருகிறார்கள், வரட்டும். புல்தரை கேட்பவர்களுக்குத் தண்ணீர்ப் பவுசர் கூலியைக் காட்டுகிறோம்.

ஒரு கிடங்குக்குக் கூலி, மட்டை, பசளை, முட்டி, மாட்டுக்கு வேலி எல்லாம் சேர்த்து 4,500 ரூபா. 120 கிடங்கு வெட்ட நினைத்திருக்கிறோம். கையில் இருப்பது 135,000 ரூபா, முப்பதுக்குத்தான் காணும். காசாகத் தர வசதியில்லாதவர்கள் மட்டை ஏற்ற ஒரு நாள் லொறி தந்தாலும் பெரிய உதவி. எல்லாவற்றுக்கும் பற்றுச்சீட்டு உண்டு; மாதக் கணக்கு அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும்.

ஆவணி முடிவதற்குள் தந்துவிடுங்கள். மழை விழுந்தபின் வெட்டினால் மணல் சரியும்.

இப்படிக்கு,
மரநடுகைக் குழுவினர்