அம்மாவை மீண்டும் நடக்க வைத்தவர்களுக்கு

சிங்கப்பூரின் கூ டெக் புவாட் மருத்துவமனையிலும் அதை ஒட்டியிருக்கும் ஈசூன் சமூக மருத்துவமனையிலும் என் அம்மாவைக் கவனித்துக்கொண்ட அனைவருக்கும் வணக்கம்.

முதல் நன்றி எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக்கிற்கு (மலாய் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவோம்). குளியலறையில் வழுக்கி விழுந்து அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது ஆம்புலன்ஸுக்காக 995ஐ அழைத்தவர் அவர்தான். நான் வேலையிடத்திலிருந்து ஓடி வரும்வரை அம்மாவின் கையை விடவே இல்லை.

அரசாங்க மானியம் அதிகமுள்ள 'சி' வகுப்பு வார்டு என்றதும் உறவினர்கள் சிலர் முகம் சுளித்தார்கள். குளிர்சாதன வசதி கிடையாது, உண்மைதான். ஆனால் மருத்துவரின் அக்கறையிலோ தாதியரின் பொறுமையிலோ நான் ஒரு குறையும் காணவில்லை. அம்மா வெள்ளிக்கிழமைகளில் அசைவம் தொடமாட்டார். பேச்சுவாக்கில் அதைக் கேட்டுக்கொண்ட மலாய்த் தாதி ஒருவர், நாங்கள் யாரும் சொல்லாமலேயே வியாழன் இரவே மறுநாள் சாப்பாட்டைச் சைவத்துக்கு மாற்றி எழுதிவிட்டார். "பாட்டி, நாளைக்கு இறைச்சி இல்லை" என்று மலாயில் சொல்லிவிட்டுப் போனாராம். அம்மா இதை வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்.

செலவைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பயந்துகொண்டே மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கும் முதியவர்களை எனக்குத் தெரியும். அறுவை சிகிச்சைக்கு முன்பே கட்டண ஆலோசகர் எங்களை உட்காரவைத்து, ஒரு தாளில் வரி வரியாகக் கோடு போட்டு விளக்கினார்: இது மொத்தக் கட்டணம், இதில் அரசாங்க மானியம் இவ்வளவு கழியும், அப்புறம் மெடிஷீல்டு லைஃப் காப்புறுதி, மீதிக்கு மெடிசேவ், அதாவது மருத்துவச் செலவுக்கென நாம் சேர்த்துவைக்கும் கணக்கு. அம்மாவின் மெடிசேவில் பணம் போதவில்லை என்றதும், பிள்ளைகளின் மெடிசேவிலிருந்தும் பெற்றோருக்காக எடுக்கலாம் என்று அவர் சொல்லித்தான் தம்பிக்கும் எனக்கும் தெரியும். அதற்கும் முடியாதவர்களுக்கு மெடிஃபண்ட் என்ற அரசாங்க உதவி நிதி இருக்கிறது என்றும் சொன்னார். கடைசியில் ரொக்கமாகக் கட்டிய தொகை எங்கள் ஒரு மாத மளிகைச் செலவைவிடக் குறைவு. 1946இல் பிறந்த அம்மா, அரசாங்கம் கூடுதல் மருத்துவச் சலுகை தரும் முன்னோடித் தலைமுறையைச் சேர்ந்தவர். அதனால் நிபுணத்துவ வெளிநோயாளிக் கிளினிக்கில் மானியம் போக மீதிக் கட்டணத்திலும் பாதி குறைகிறது.

சமூக மருத்துவமனையின் பிசியோதெரபி தம்பி, உங்களை அம்மா ஆரம்பத்தில் திட்டினார். வலியில் பேசியது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். கட்டிலிலிருந்து நாற்காலிவரை, நாற்காலியிலிருந்து கதவுவரை என்று நீங்கள் விடாமல் நடக்கவைத்ததால்தான் இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டு அவரே சமையலறைக்குப் போய்த் தேநீர் போடுகிறார்.

பரிசு எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டோம் என்று சொல்லிவிட்டீர்கள். சரி, இந்த மடலையாவது வாங்கிக்கொள்ளுங்கள். வார்டு பொறுப்பாளரிடம் ஒரு வேண்டுகோள்: இரவு நேரத் தாதியருக்கும், தரை துடைத்த அக்காவுக்கும், தள்ளுவண்டியில் அம்மாவை எக்ஸ்ரேக்கு அழைத்துப் போன அண்ணனுக்கும் இதைத் தவறாமல் படித்துக் காட்டுங்கள்.

மிக்க நன்றியுடன்,
மகளும் மகனும், ஈசூன்