உங்கள் பையனுக்குப் பத்தில் மூன்று

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ காயம் பார்க்கிற அந்தக் குத்துச்சண்டைப் பையன் சாம்பியனை ஜெயிப்பானா என்று நீ கேட்டு நான்கு நாளாகிவிட்டது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் நீ ஆசைப்படுகிறதையே சொல்லிவிடுவேன் என்று பயம். அதனால் நீ அனுப்பிய வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தேன். சாம்பியனின் கடைசி ஆறு சண்டைகள், உங்கள் பையனின் கடைசி ஐந்து. இரண்டாம் முறை பார்த்தபோது சத்தத்தை அணைத்துவிட்டேன். வர்ணனை செய்கிறவர்கள் பெயர் பெற்றவன் பக்கமே பேசிக்கொண்டிருப்பார்கள். நம் கண்ணும் அந்தப் பேச்சுக்குப் பின்னாலேயே போய்விடும்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இவர்கள் பத்து முறை மோதினால் உங்கள் பையன் மூன்று முறை ஜெயிப்பான். முகத்தைச் சுருக்காதே. இந்தச் சண்டையைப் பற்றி எழுதுகிறவர்கள் அவனுக்கு ஒன்றைக்கூடக் கொடுக்கவில்லை. மூன்று என்பது அம்மாவின் பாசம் சொல்லும் எண் இல்லை. ஜட்ஜ் நாற்காலியில் இத்தனை வருஷம் உட்கார்ந்த கண் சொல்வது.

"டக்ளஸ் டைசனை அடிக்கவில்லையா?" என்று கேட்டிருந்தாய். யாராலும் அசைக்க முடியாத உலக சாம்பியன் மைக் டைசனை, யாரும் நம்பாத பஸ்டர் டக்ளஸ் வீழ்த்திய அந்தச் சண்டை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1990 பிப்ரவரி, டோக்கியோ. டக்ளஸ் ஜெயித்தால் ஒன்றுக்கு 42 தருவதாகப் பந்தயக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். சண்டைக்கு மூன்று வாரம் முன்பு அவருடைய அம்மா இறந்துபோனார். அந்தத் துக்கம்தான் அவரை ஜெயிக்க வைத்தது என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம், ஒரு தாயாக எனக்கும் அதைக் கேட்டால் நெஞ்சு அடைக்கும். ஆனால் அந்தச் சண்டையை ரவுண்டு ரவுண்டாகப் பார். டைசனைவிட டக்ளஸின் கை ஏறக்குறைய ஒரு அடி நீளம். முதல் ரவுண்டிலிருந்தே ஜாப், ஜாப் (இடது கையை நேராக நீட்டிப் போடும் விரைந்த குத்து), பின்னால் வலது கை. டைசன் நெருங்கி வந்தால் டக்ளஸ் கட்டிப் பிடித்துக்கொள்வார், விலகினால் மறுபடியும் ஜாப். நடுவில் டைசனின் கண் வீங்கி மூடிக்கொண்டது. இடைவேளையில் அவரைக் கவனிக்கும் ஆட்கள் நிற்கிற மூலையில், அதாவது அவர் கார்னரில், வீக்கத்தை அமுக்கும் குளிர்ந்த இரும்புகூட இல்லை. ரப்பர் கையுறையில் தண்ணீரை நிரப்பி ஒத்தடம் கொடுத்தார்கள். உன் வேலை இதுதான் என்பதால் சொல்கிறேன், உன் பெட்டியை இன்னொரு முறை சரிபார்த்துக்கொள்.

இன்னொன்றும் உண்டு. டைசன் அதற்கு முன் 37 சண்டைகளில் ஜெயித்திருந்தார், ஒன்றில்கூடத் தோற்கவில்லை. எதிரே நின்றவர்கள் ஒவ்வொருவரின் வீட்டிலும் ஒரு மனைவியோ மகளோ உன்னைப் போலவே நம்பியிருப்பாள். அவர்கள் கதையை யாரும் சொல்வதில்லை. அதனால் "மனசு வைத்தால் முடியும்" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு என்னால் கணக்குப் போட முடியாது. சாம்பியனுக்கும் மனசு இருக்கிறது.

நான் தேடியது வேறு. சாம்பியனிடம் ஏதாவது ஒரு பழக்கம், உங்கள் பையனின் கைக்கு எட்டுகிற ஒரு பழக்கம் இருக்கிறதா என்பதைத்தான். 1936-இல் ஜோ லூயிஸை யாராலும் வீழ்த்த முடியாது என்றிருந்த நேரம். ஜெர்மனியிலிருந்து வந்த மேக்ஸ் ஷ்மெலிங் முடிந்துபோன ஆள் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். அவர் லூயிஸின் சண்டைப் படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். லூயிஸ் இடது கையால் ஜாப் போட்டுவிட்டு அந்தக் கையைத் தாடைக்குத் திருப்பிக் கொண்டுவராமல் கீழே தொங்கவிடுகிறார் என்று கண்டுபிடித்தார். சண்டை முழுக்க அந்த இடைவெளிக்காகவே காத்திருந்து வலது கையை விட்டார். பன்னிரண்டாவது ரவுண்டில் நாக்அவுட்.

சாம்பியனிடமும் இதே பழக்கம் இருக்கிறது! முதல் மூன்று நான்கு ரவுண்டுகளில் தெரியாது, அப்போது அவன் கை சரியாகத் திரும்புகிறது. ஐந்தாவதிலிருந்து பார். ஜாப் போட்டபின் இடது கை நெஞ்சு உயரத்துக்கு வந்து அங்கேயே ஒரு கணம் நிற்கிறது. கடைசி ஆறு சண்டைகளில் நான்கில் இதைக் குறித்துவைத்தேன். களைப்பால் வருகிற பழக்கம், அதனால் திருத்துவதும் கடினம். உங்கள் பையனிடம் இருக்கிற நல்ல ஆயுதமும் நேர் வலதுதான். உயரமும் இருக்கிறது. என் மூன்றில் இரண்டு இங்கிருந்துதான் வருகிறது.

ஆனால் அந்தத் தாழ்ந்த இடது கை வெறும் ஓட்டை மட்டும் இல்லை. பக்கவாட்டில் வளைந்து வரும் சாம்பியனின் இடது ஹூக்கும் அதே இடத்திலிருந்துதான் கிளம்புகிறது. கீழேயிருந்து வருவதால் கண்ணுக்குத் தாமதமாகத்தான் தெரியும். உங்கள் பையன் வலதை விட்டபின் அந்த இடத்திலேயே நின்று, பட்டதா என்று பார்க்கிறான். பட்டால் இன்னும் மோசம், ரசித்துக்கொண்டே நிற்கிறான். அவன் தோற்ற இரண்டு சண்டைகளில் ஒன்று இப்படித்தான் முடிந்தது. வலதை விட்டதும் இடப்பக்கமாக ஒரு எட்டு வைத்து அவன் வெளியே வர வேண்டும். இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. புதிதாக எதையும் கற்றுக்கொடுக்க இது போதாது, ஆனால் இந்த ஓர் எட்டுக்குப் போதும்.

ஐந்தாவது ரவுண்டு வரை அவன் இருப்பானா என்று நீ கேட்பாய். நியாயமான கேள்வி. சாம்பியனின் வெற்றிகளில் பாதிக்கு மேல் நான்கு ரவுண்டுக்குள் முடிந்தவை. ஆனால் அதிலேயே உங்களுக்கு ஒரு வழியும் இருக்கிறது. 1974-இல் கின்ஷாசாவில் முகமது அலியின் எதிரே நின்றபோது ஜார்ஜ் ஃபோர்மன் 40 சண்டைகளில் தோற்காதவர், அதில் 37 நாக்அவுட். அலியைத் தோற்கடித்திருந்த ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் இரண்டிரண்டு ரவுண்டுகளில் சாய்த்தவர். சீக்கிரம் முடித்தே பழகியவர். அலி கயிற்றில் சாய்ந்து நின்று அவரை அடிக்கவிட்டுக் களைக்க வைத்தார். எட்டாவது ரவுண்டில் ஃபோர்மன் கையில் ஒன்றும் மிச்சமில்லை, அலி அவரைச் சாய்த்துவிட்டார். உங்கள் பையன் அலியைப் போலக் கயிற்றில் சாய்ந்து நிற்கவே கூடாது, அவனுக்கு அந்தத் தற்காப்பு கிடையாது. சாம்பியனின் உடம்பைக் குறிவைத்து அவன் ஜாப் போடட்டும். பார்க்க அழகாக இருக்காது, கைதட்டலும் வராது. சாம்பியனின் மூச்சை அதுதான் தின்னும்.

விழுந்தால் என்ன செய்வான் என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. விழுவான், அதை இப்போதே மனதில் வைத்துக்கொள். டக்ளஸும் எட்டாவது ரவுண்டில் விழுந்தார், ஒன்பது எண்ணும்போதுதான் எழுந்தார். 2019-இல் உலக சாம்பியன் ஜோஷுவாவிடம் மூன்றாவது ரவுண்டில் விழுந்த ரூயிஸ், அதே ரவுண்டில் அவரை இரண்டு முறை கீழே தள்ளி, ஏழாவதில் சண்டையை முடித்தார். உங்கள் பையன் விழுந்த அந்த வீடியோவைப் பார்த்தாயா? நான்கு எண்ணுவதற்குள் துள்ளி எழுந்துவிட்டான். வெட்கம். உடனே கோபமாகப் பாய்ந்தான், மறுபடியும் வாங்கினான். நடுவர் எப்படியும் எட்டு வரை எண்ணத்தான் போகிறார். ஒரு முழங்காலில் இருந்தபடி உங்கள் கார்னரைப் பார்க்கச் சொல். எட்டில் எழுந்தால் போதும், அந்த நேரம் அவனுடையது. பிடிவாதக்காரன் என்று எழுதியிருந்தாய்; நீ சொன்னால் கேட்பான் என்றும் எழுதியிருந்தாய்.

பன்னிரண்டு ரவுண்டும் போய்விட்டால்? இதை எழுதுவது எனக்குச் சுலபமில்லை. 1988 சோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் தெளிவாக மேலே இருந்தும் ராய் ஜோன்ஸ் தோற்றதாக அறிவித்தார்களே, அந்த அநியாயத்துக்குப் பிறகு வந்ததே குத்து பட்டதும் ஜட்ஜ்கள் பட்டனை அழுத்தும் முறை, நான் அந்தக் காலத்து ஜட்ஜ். ஐந்து பேரில் மூன்று பேர் ஒரே நொடிக்குள் அழுத்தினால்தான் புள்ளி. ஒரு போட்டியில், எல்லோருக்கும் பிடித்த ஒரு பெண் குத்தும்போதெல்லாம் அரங்கம் அதிர்ந்தது. நானும் அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு வீடியோவில் பார்த்தால் அதில் பாதி எதிராளியின் கையுறையில்தான் பட்டிருந்தது. பெயர் தெரியாத அந்த இன்னொரு பெண் தோற்றுப்போனாள். நான் யாரிடமும் காசு வாங்கவில்லை, யாருக்கும் பயப்படவில்லை. காது கண்ணை ஏமாற்றிவிட்டது. அவள் முகம் இன்னும் என் நினைவில் இருக்கிறது.

உங்கள் சண்டைக்குப் பத்துப் புள்ளி முறை, மூன்று ஜட்ஜ்கள். ரவுண்டை ஜெயித்தவனுக்குப் பத்து, தோற்றவனுக்குப் பெரும்பாலும் ஒன்பது. ஆனால் காது அதே காதுதான். 2022-இல் பிவோல், பெரிய பெயர் பெற்ற கனேலோவை ஜெயித்தாரே, மூன்று ஜட்ஜ்களும் கொடுத்தது 115-113. அதாவது ஏழு ரவுண்டுக்கு ஐந்து. பார்த்தவர்கள் பலருக்கு அது அவ்வளவு நெருக்கமான சண்டையாகவே தெரியவில்லை. முதல் நான்கு ரவுண்டுகளை மூன்று பேரும் கனேலோவுக்கே கொடுத்திருந்தார்கள். அதனால் சமமாகப் போகிற ரவுண்டு சாம்பியனுக்குத்தான் என்று கணக்கு வை. உங்கள் பையன் ஏழு ரவுண்டுகளைச் சந்தேகத்துக்கே இடமில்லாமல் எடுக்க வேண்டும். புள்ளியில் ஜெயிக்கும் வழிக்கு நான் ஒன்றுதான் கொடுத்திருக்கிறேன், அதையும் யோசித்துத்தான் கொடுத்தேன்.

எடை பார்க்கும் நாளில் சாம்பியனின் முகத்தைக் கவனி. கன்னம் ஒட்டியிருக்கிறதா, உதடு வெடித்திருக்கிறதா, இறங்கியதும் தண்ணீருக்குக் கை நீள்கிறதா என்று பார். கடைசி இரண்டு முறையும் அவன் எடை வரம்புக்குள் வரத் திணறியிருக்கிறான் என்று தோன்றுகிறது. அன்று அவன் காய்ந்துபோய் வந்தால் நான் மூன்றை நான்காக்குவேன்.

அப்புறம், நீ கேட்காத ஒன்று. அவன் கண் உன்னைப் பார்த்தும் பார்க்காமல் போனால், உன் கேள்விக்குப் பதில் ஒரு நொடி தாமதமாக வந்தால், தலைமைப் பயிற்சியாளரிடம் உடனே சொல். பட்டம், காசு, கூட்டம் எதையும் நினைக்காதே. அந்த நேரத்தில் சண்டையை நிறுத்தச் சொல்லித் துண்டை எறிவது யார் பொறுப்பு என்று இப்போதே அவரோடு பேசி முடிவு செய்து வை. அந்த ஒரு நிமிஷ இடைவெளியில் பேசித் தீர்க்க முடியாது. அந்தப் பையனுக்கும் ஒரு அம்மா இருக்கிறாள்.

நாளைக்கு ஸ்பாரிங், அதாவது பயிற்சிச் சண்டை, இருக்கிறது என்றாய். வலதை விட்டபின் அவன் எத்தனை முறை அந்த இடத்திலேயே நிற்கிறான் என்று ஒரு தாளில் கோடு போட்டு எண்ணி எனக்கு எழுது. ரவுண்டு வாரியாக வேண்டும். ஆறாவது ரவுண்டுக்கு மேல் அவன் களைத்திருக்கும்போது என்ன செய்கிறான் என்பதைத் தனியாகக் குறித்துவை.

அன்புடன்,
அம்மா