ஆபரேட்டர் ரூமுக்குள்ள வந்த செவப்பு ஜெல்லி

மாப்ள,

உன் கடுதாசி வந்து மூணு வாரம் ஆச்சு, இப்பதான் உக்காந்து எழுத முடிஞ்சது. முட்டி வலி இப்ப எப்படி இருக்கு? மாடிப்படி ஏறாத, சொன்னா கேளு. சினிமா கொட்டாய்ல நீ படம் ஓட்டுன மெஷினை பழைய இரும்புக்கு எடைக்குப் போட்டுட்டாங்கன்னு எழுதியிருந்தியே, அதைப் படிச்சதுல இருந்து ரெண்டு நாள் மனசே சரியில்ல. நீ எத்தனை வருஷம் அந்த மெஷின் பக்கத்துல நின்னிருப்ப, கார்பன் குச்சி எரியிற வெளிச்சத்துல உன் மூஞ்சி மட்டும் தெரியும், நான் டீ எடுத்துட்டு மேல வருவேன், நீ ஓட்டை வழியா பாத்துக்கிட்டே கிளாசை வாங்குவ. அது இன்னும் கண்ணுல நிக்குது.

அதனாலதான் இப்ப ஒரு படத்தைப் பத்தி உனக்கு எழுதியே ஆகணும்னு தோணுச்சு. பென்சில்வேனியாவுல மக வீட்டுக்கு வந்திருக்கேன்ல, இங்கிருந்து கார்ல அரை மணி நேரத்துல ஃபீனிக்ஸ்வில்னு ஒரு சின்ன ஊரு. அங்க காலனியல்னு ஒரு தியேட்டர், 1903ல தொறந்தது. நடுவுல மூடிட்டாங்க, அப்புறம் ஊர்க்காரங்களே சேந்து ஒரு சங்கம் வச்சு 1999ல திரும்ப தொறந்து இன்னிக்கு வரைக்கும் படம் ஓட்டுறாங்க. மருமகன் என்னை அங்க கூட்டிட்டுப் போனாரு. படம் பேரு தி ப்ளாப், 1958ல வந்தது, ஸ்டீவ் மெக்வீன் முதல் தடவையா ஹீரோவா நடிச்சது. படம் எடுக்குறப்ப அவருக்கு 27 வயசு, ஆனா படத்துல ஹைஸ்கூல் பையனா வர்றாரு.

கதை இவ்வளவுதான். ராத்திரி வானத்துல இருந்து ஒரு கல்லு விழுது, ஒரு கிழவன் போய் குச்சியால குத்திப் பாக்குறான், உள்ள இருக்குற ஜெல்லி மாதிரி வழுவழுப்பான ஒண்ணு குச்சி வழியா ஏறி அவன் கையைப் புடிச்சுக்குது, அவ்ளோதான், அதுக்கப்புறம் விடல. அதுக்கு கண்ணு இல்ல, வாய் இல்ல, கை கால் இல்ல. ஆளை முழுங்க முழுங்க பெருசாகுது, இன்னும் செவப்பாகுது. நர்ஸ் அதுமேல ஆசிட்டை ஊத்துறாங்க, ஒண்ணும் ஆகல, அவங்க போயிட்டாங்க, அப்புறம் டாக்டரும் போயிட்டாரு. அந்தப் பையனும் அவன் கூட இருக்குற பொண்ணும் போலீஸ்கிட்ட ஓடிப்போய் சொல்றாங்க, யாரும் நம்ப மாட்டேங்குறாங்க. ஏன்னா டாக்டர் வீட்டுல போய்ப் பாத்தா பொணம் இல்ல, எதுவுமே இல்ல. முழுங்கிட்டுப் போனா என்ன மிஞ்சும் சொல்லு? படத்துல பாதி நேரம் ஜெல்லியே கண்ணுல படாது, பசங்க பெரியவங்ககிட்ட கெஞ்சுறதுதான் நடக்கும். எனக்கு வயித்தைப் பிசைஞ்சது அதுதான்.

இப்ப உனக்காக எழுதுற விஷயத்துக்கு வர்றேன். படத்துல வர்ற ஊர்ல ஒரு தியேட்டர்ல நடுராத்திரி பேய்ப் படம் ஓடிக்கிட்டு இருக்கு, கீழ ஹால் நெறைய சின்னப் பசங்க. மேல ஆபரேட்டர் ஒத்தை ஆளா உக்காந்திருக்காரு. அது நேரா அவர் ரூமுக்குத்தான் வருது மாப்ள. அவரை முடிச்சிட்டு, படம் விழுற அந்த சின்ன ஓட்டை இருக்குல்ல, நீ கண்ணு வச்சுப் பாப்பியே அதே ஓட்டை, அது வழியா வழிஞ்சு வழிஞ்சு கீழ ஹாலுக்குள்ள இறங்குது. கீழ இருக்குறவங்க படத்துலதான் பேய் இருக்குன்னு நெனச்சுட்டு இருந்தாங்க, அது முதுகுக்குப் பின்னாடி மேல இருந்து வருது. நான் அந்த நேரத்துல என்னையும் அறியாம பின்னாடி திரும்பி நம்ம தலைக்கு மேல ஓட்டை எங்க இருக்குன்னு பாத்தேன். ஏன்னா படத்துல வர்ற தியேட்டரே இந்த காலனியல்தான், இங்கதான் எடுத்திருக்காங்க! நான் உக்காந்திருந்த அதே ஹாலு. அந்த ஆளு செத்தது கீழ இருக்குற யாருக்கும் தெரியாது, அதை நெனச்சதும் உன் ஞாபகம் வந்து தொண்டை அடைச்சுக்குச்சு. நீ மேல இருந்தப்ப நாங்களும் கீழ விசில் அடிச்சுக்கிட்டுத்தானே இருந்தோம், ஒரு நாளாவது திரும்பிப் பாத்திருப்பமா.

ஒவ்வொரு வருஷமும் ஜூலையில ஊரே இந்தப் படத்துக்கு திருவிழா எடுக்குது, 2000ல இருந்து நடக்குது. அன்னிக்கு ஜனம் தியேட்டருக்குள்ள இருந்து கத்திக்கிட்டே வாசல் வழியா தெருவுக்கு ஓடி வருது, படத்துல வர்ற மாதிரியே. சின்னப் புள்ளைங்க, பாட்டிங்க எல்லாம் ஓடுறாங்க. ஒரு தியேட்டரை ஒரு ஊரு இப்படியும் மடியில வச்சுக் காப்பாத்த முடியும்னு பாத்ததும் எடைக்குப் போன நம்ம மெஷின்தான் நெனப்புக்கு வந்துச்சு.

இதை எடுத்தது ஹாலிவுட் ஆளுங்க இல்ல. டைரக்டர் இர்வின் யேவொர்த், மதப் படம், பள்ளிக்கூடப் பாடப் படம்னு எடுத்தவரு. தயாரிப்பாளர் ஜாக் ஹாரிஸ். மொத்த செலவு சுமாரா 1,10,000 டாலர்தான், வசூல் 40 லட்சம் டாலர்னு சொல்றாங்க. மெக்வீனுக்கு 3,000 டாலர் சம்பளம், லாபத்துல பத்து பர்சென்ட் தர்றோம் முன்பணம் கம்மியா வாங்கிக்கன்னு கேட்டதுக்கு வேண்டாம்னுட்டாராம். பாவம், படம் ஓடாதுன்னு நெனச்சிருக்கணும், அன்னிக்கு அவருக்கு வீட்டு வாடகைதான் முக்கியமா இருந்திருக்கும்.

அந்த ஜெல்லி வெறும் சிலிக்கோன், அதுல செவப்பு சாயம், ஆளை முழுங்கறப்பல்லாம் சாயத்தை இன்னும் கொஞ்சம் சேத்திருக்காங்க. கடைசியில ஒரு சாப்பாட்டுக் கடையையே அது மூடிக்கும், உள்ள ஹீரோ, அந்தப் பொண்ணு, அவளோட குட்டித் தம்பி எல்லாரும் மாட்டிக்கிட்டு இருப்பாங்க. அதை எப்படி எடுத்தாங்கன்னு தெரிஞ்சா நீ எந்திரிச்சு உக்காருவ. கடையோட ஃபோட்டோவை ஒரு ஆடுற மேஜை மேல வச்சு, கேமராவையும் அந்த மேஜையிலயே பொருத்தி, மேஜையை ஆட்டி ஜெல்லியை ஃபோட்டோ மேல இருந்து வழிஞ்சு போக விட்டு எடுத்திருக்காங்க, அப்புறம் ஃபிலிமை கடைசியில இருந்து முன்னாடிக்கு ஓடுற மாதிரி திருப்பிப் பிரிண்ட் போட்டிருக்காங்க. அதனால வழிஞ்சு போனது நமக்கு ஏறி வர்ற மாதிரி தெரியுது. கேமராவும் சேந்தே ஆடுறதால கடை அசையாம நிக்குது, ஜெல்லி மட்டும் நகருது. காசு இல்லாதவனுக்குத்தான் மாப்ள இந்த மூளை வேலை செய்யும். அந்த சிலிக்கோன் ஒரு பக்கெட்ல இன்னும் பத்திரமா இருக்கு, திருவிழாவுக்கு கொண்டுவந்து காட்டுவாங்களாம்.

அதை எப்படி அடக்குறாங்கன்னு கேப்ப. மின்சாரக் கம்பியை அறுத்து மேல விடுறாங்க, அதுக்கு ஒண்ணும் ஆகல, கடைதான் தீப்புடிக்குது. கடைக்காரர் தீயணைக்குற சிலிண்டரை எடுத்து அடிக்கிறப்பதான் அந்தக் குளிருக்கு அது பின்வாங்குது. உடனே பையன் சத்தம் போட்டுச் சொல்றான், வெளிய பள்ளிக்கூடத்துல இருக்குற சிலிண்டரெல்லாம் கொண்டாங்கன்னு ஆள் ஓடுது, ஹெட்மாஸ்டரே கண்ணாடிக் கதவை கல்லால ஒடச்சு உள்ள போறாரு. அந்தப் பொண்ணோட அப்பா அவருதான். பசங்க பேச்சை நம்பாத பெரியவங்கள்ல ஒருத்தர் கடைசியில தன் பள்ளிக்கூடக் கதவையே ஒடைக்கிறாரு, எனக்கு அந்த இடம் ரொம்பப் புடிச்சது. அதைக் கொல்ல முடியல, உறைய வச்சு ப்ளேன்ல ஏத்தி ஆர்க்டிக் பனியில பாராசூட்ல போடுறாங்க. பனி இருக்குற வரைக்கும் பயமில்லன்னு ஹீரோ சொல்றான், முடிவுன்னு எழுத்து வந்து அது ஒரு கேள்விக்குறியா மாறுது. 1958ல அதைக் கேட்டவங்க நிம்மதியா வீட்டுக்குப் போயிருப்பாங்க. என் பக்கத்துல உக்காந்திருந்த பேரன், பத்து வயசுப் பையன், "பனி உருகுதுல்ல தாத்தா"ன்னான். எனக்கு பதில் வரல.

மெஷின்ல இருந்து ஏதாவது மிஞ்சியிருக்கான்னு அந்த இரும்புக் கடைக்காரர்கிட்ட ஒரு தடவை கேட்டுப் பாரேன். லென்ஸ் மட்டும் கெடச்சாலும் போதும், என்ன விலை சொன்னாலும் வாங்கி வச்சிரு, பணம் நான் அனுப்புறேன். பொங்கலுக்கு ஊருக்கு வர்றேன். படத்தை கையோட கொண்டுவர்றேன், உங்க வீட்டுச் செவுத்துல வெள்ளை வேட்டி கட்டிப் போட்டுப் பாப்போம், இந்தத் தடவை நீ கீழ உக்காரு, நான் ஓட்டுறேன்.

தங்கச்சிய கேட்டதா சொல்லு.

உன்,
டீ கொண்டாந்தவன்