எச்சரிக்கை வருகிறது, வண்டி வருவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிலத் தகராறு, மேய்ச்சல் சண்டை, தேர்தல் கலவரம் போன்றவற்றைக் கையாள ஒவ்வொரு நாட்டுக்கும் தேசிய அமைதிக் கொள்கை வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரை வாதிட்டது. கென்யாவை முன்மாதிரியாகக் காட்டியது. வாதத்தில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கென்யாவில் எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பது கட்டுரையில் தலைகீழாகிவிட்டது.

அங்கே கொள்கை கடைசியாகத்தான் வந்தது. 1990களின் தொடக்கத்தில் வடகிழக்கிலுள்ள வஜீரில் சோமாலிக் குலங்களுக்கிடையே கொலைகள் தொடர்ந்தன. ஒரு குலத்துப் பெண்கள் இன்னொரு குலத்தாரோடு சந்தையில் கொடுக்கல் வாங்கல் செய்ய முடியாத நிலை. தெக்கா இப்ராகிம் அப்தி உள்ளிட்ட பெண்கள் கூடிப் பேசி, முதலில் அந்தச் சந்தையைச் சரிசெய்தார்கள். பிறகு மூத்தோரும் இளைஞர்களும் சேர்ந்தார்கள், அதன்பின் அரசு அதிகாரிகள் வந்தார்கள். 1995இல் இந்த முயற்சிகள் ஒரே குழுவாகி மாவட்ட நிர்வாகத்தோடு இணைந்தன. அமைதிப் பணிகளுக்கான தேசிய வழிகாட்டுக் குழு 2001இல் அமைந்தது. 2007 தேர்தலுக்குப் பின் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகே வஜீரில் இருந்தது போன்ற உள்ளூர் அமைதிக் குழுக்களை நாடு முழுக்க அமைக்க முனைந்தார்கள். கொள்கை ஆவணம் 2014ஆம் ஆண்டுக்கு உரியது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த வேலைக்கு அது அங்கீகாரம் தந்தது. தலைநகரில் ஆவணத்தை எழுதி முடித்துவிட்டு, "குழு அமைத்து அறிக்கை அனுப்புக" என்று சுற்றறிக்கை விட்டால் மாவட்டத்தில் பெயர்ப்பலகைதான் மிஞ்சும்.

கட்டுரை பெரிதும் சிலாகித்த முன்னெச்சரிக்கை அமைப்பு உண்மையில் இந்த வேலையில் சுலபமான பகுதி. பருவம் தப்பி மந்தைகள் நகர்வது, கடைகள் நேரத்தோடு அடைபடுவது, ஒரு தரப்புப் பிள்ளைகள் மட்டும் பள்ளிக்கு வராமல் நிற்பது என்று களத்தில் இருப்பவர்களுக்கு அறிகுறிகள் தெரியும். சிக்கல் அதற்கு அடுத்த படியில். ஆப்பிரிக்காவின் கொம்பு எனப்படும் வடகிழக்குப் பகுதி நாடுகள் எல்லைதாண்டிய மேய்ச்சல் மோதல்களுக்காக 2002இல் ஒரு கூட்டு முன்னெச்சரிக்கை அமைப்பை உருவாக்கின. களக் கண்காணிப்பாளர்களிடமிருந்து அறிக்கைகள் வந்தன. அவற்றின்மேல் உடனடியாகச் செலவு செய்வதற்கான நிதியோ 2009இல்தான் வந்தது. அதுவரை தகவல் இருந்தது, கைச்செலவுக்குப் பணம் இல்லை!

முதல் மாட்டுத் திருட்டை யாராலும் எப்போதும் தடுத்துவிட முடியாது. தடுக்கக்கூடியது அதற்குப் பழிவாங்கப் புறப்படும் கூட்டத்தை. அந்த இடைவெளி சில மணி நேரம், மிஞ்சினால் ஓரிரு நாள். அறிக்கை தலைநகருக்குப் போய், கோப்பாகி, உத்தரவாகித் திரும்புவதற்குள் இரண்டாவது ஊர் எரிந்துவிடும். ஆகவே கொள்கையிலேயே மணிக்கணக்கு இருக்க வேண்டும். தகவலை இரண்டாவது ஆளிடம் சரிபார்க்க ஆறு மணி நேரம். இரு தரப்பு மூத்தோரும் பெண்களும் காவல் அதிகாரியும் அடங்கிய குழு இடத்துக்குப் போய்ச்சேர இருபத்துநான்கு மணி நேரம். எரிபொருள், தொலைபேசி, சாப்பாடு ஆகியவற்றுக்கு மாவட்ட அளவிலேயே சிறு தொகை கையில் இருக்க வேண்டும். செலவு முதலில், கணக்கு பிறகு. தணிக்கைத் துறை முகம் சுளிக்கும்தான். விதியில் முன்கூட்டியே எழுதிவிட்டால் சுளிக்க வழியில்லை.

குழுவில் யார் என்பது அடுத்த கேள்வி. கூட்டத்துக்கு வந்தால் பணம் என்று அமர்வுப் படி ஒன்று வந்தவுடன் உறுப்பினர் பட்டியல் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஆட்கள் பட்டியலாகிவிடும். போக்குவரத்துச் செலவை மட்டும் கொடுங்கள், பதவிக் காலத்துக்கு வரம்பு வையுங்கள். ஆயுதம் ஏந்தக்கூடிய இளைஞர்களுக்கு உள்ளே இடம் வேண்டும். அவர்கள் இல்லாத மேசையில் நல்லவர்கள் நல்லவர்களோடு கைகுலுக்கிக்கொள்வார்கள். தென்னாப்பிரிக்காவின் 1991 தேசிய அமைதி உடன்படிக்கை கட்சிகளுக்கும் காவல்துறைக்கும் நடத்தை விதி வகுத்தது. ஊர்வலப் பாதை, நேரம், தொண்டர் பொறுப்பு எல்லாம் உள்ளூர் அமைதிக் குழுவில் பேசித் தீர்ந்தன. ஆனாலும் 1992 ஜூனில் போய்படோங் என்ற ஊரில் படுகொலை நடந்தது. குழுக்களால் பேச வைக்க முடிந்தது, கட்டாயப்படுத்தும் அதிகாரம் அவற்றுக்குக் கிடையாது. குற்றத்தை விசாரிப்பது வேறு அமைப்பின் வேலை. இரண்டையும் குழப்பக் கூடாது.

மூத்தோர் பேசி முடிக்கும் இழப்பீட்டைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் புகழ்ந்துவிட்டுக் கடந்தது. வடகென்யாவின் 2001 மோடோகாஷே பிரகடனம் என்ற உள்ளூர் அமைதி ஒப்பந்தத்தில் ஆண் கொல்லப்பட்டால் இழப்பீடு 100 ஒட்டகம், பெண் என்றால் 50. இது பழிவாங்கலை வேகமாக நிறுத்தும் என்பது உண்மை. ஆனால் குலமே கட்டிவிடுவதால் கொன்றவன் தப்புகிறான். பெண்ணின் உயிர் பாதி விலையாகிறது. கென்யாவின் 2010 அரசமைப்பு, 159ஆம் பிரிவில், மரபுவழித் தீர்வை ஊக்குவித்துவிட்டு அது அடிப்படை உரிமைகளை மீறக் கூடாது என்றும் சொல்கிறது. கொள்கையில் இந்தக் கோடு தெளிவாக விழ வேண்டும்: கொலை, வல்லுறவு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும், இழப்பீடு அதற்கு மேல். ஒப்பந்தத்தில் தவணைத் தேதியும் பிணை நிற்பவர் பெயரும் இல்லாவிட்டால், கொடுக்காத பாக்கியே அடுத்த சண்டைக்குக் காரணமாகும்.

பிறகு, காலம். கானாவின் வடக்கிலுள்ள டாக்போன் என்ற பாரம்பரிய அரசில், அரச குடும்பத்தின் இரு கிளைகளுக்கிடையேயான பூசலில், 2002இல் மன்னர் (அங்கே பட்டம் யா நா) யாகுபு அந்தானி கொல்லப்பட்டார். கானாவின் அசாந்தே மக்களின் மன்னர் தலைமையில் மூன்று பெரும் மன்னர்கள் சமரசம் பேசினார்கள். முடிச்சு, இரு கிளைகளையும் சேர்ந்த மறைந்த இரு மன்னர்களின் ஈமச்சடங்குகளில் இருந்தது. 2018 டிசம்பரில் ஒரு தரப்பும் 2019 ஜனவரியில் மறு தரப்பும் சடங்கை முடித்த பிறகே புதிய மன்னர் அமர்ந்தார். கிட்டத்தட்ட பதினேழு ஆண்டுகள். மூன்றாண்டுத் திட்டமாக வெளிநாட்டு நன்கொடையில் ஓடும் அமைதிச் செயலகம் இதற்குத் தாங்காது.

கட்டுரையாளர் அடுத்து எழுதும்போது ஒரு விவரம் சேர்க்கச் சொல்லுங்கள்: அவர் பரிந்துரைக்கும் கொள்கைக்கான பணம் அரசின் வரவு செலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் ஒதுக்கப்படும், மாவட்டத்தில் அதை எடுக்கக் கையெழுத்திடப்போவது யார்?

இப்படிக்கு,
தங்கள் வாசகர்